பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் உணவுச் செயலி: எதைக் கணக்கெடுப்பது?

#1 நிரல்வண்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். மகன் படிக்கும் பள்ளியில் பெற்றோர் குழு கூடியபோது, பிள்ளைகள் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. "நீங்கள்தான் கம்ப்யூட்டர் ஆளாயிற்றே, ஒரு ஆப் செய்து கொடுங்களேன்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு. திட்டம் இதுதான்: ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஏ.ஐ. கலோரி சொல்லும். நல்ல சாப்பாட்டுக்குப் புள்ளி, தொடர்ந்து 7 நாள் பதிந்தால் பதக்கம், வகுப்புக்கு ஒரு தரவரிசைப் பட்டியல், ஞாயிறு இரவு பெற்றோருக்கு ஓர் அறிக்கை. பாதி நிரல் எழுதியாகிவிட்டது. பார்க்க அழகாகவே இருக்கிறது. மகனிடம் காட்டினேன். "ம்" என்றான்.

அந்த "ம்"தான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது. தயவுதாட்சண்யம் பார்க்காமல் திட்டுங்கள்.

#2 நாலாம்பெஞ்சு

நல்ல முயற்சி சார். தரவரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் நடைக்கணக்குப் போட்டி வைத்தபோது லிஃப்டில் ஏறவே ஆள் இல்லை. போட்டி என்று வந்துவிட்டால் மனிதன் எதையும் செய்வான்.

#3 சந்தேகப்பிராணி

போட்டி முடிந்து ஒரு மாதம் கழித்து லிஃப்டில் ஆள் இருந்ததா, இல்லையா?

#4 நாலாம்பெஞ்சு

இருந்தது. நானும் இருந்தேன்.

#5 சந்தேகப்பிராணி

கிண்டலுக்குக் கேட்கவில்லை நண்பரே. 2016-ல், தெருத்தெருவாக நடந்து பொம்மை பிடிக்கும் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு வந்தபோது உலகமே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதினார்கள். அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுக்காரர்களின் போனில் பதிவான நடைக்கணக்கை எடுத்துப் பார்த்தார்கள்; பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 955 காலடி கூடுதல். ஆறாவது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

அதே ஆண்டில் ஜாமா மருத்துவ இதழில் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். எடை குறைக்க விரும்பிய 471 இளைஞர்கள், 2 ஆண்டுகள். எல்லோருக்கும் ஆலோசனை உண்டு. ஆறு மாதம் கழித்து ஒரு பகுதியினருக்கு, உடல் அசைவைக் கணக்கெடுக்கும் கருவியைக் கையில் கட்டக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தாங்களாகவே இணையதளத்தில் பதிந்துகொண்டார்கள். முடிவில் கருவி கட்டியவர்கள் குறைத்தது சராசரியாக 3.5 கிலோ. கட்டாதவர்கள் 5.9 கிலோ. கருவி இருந்தால் நல்லது தானாக நடக்கும் என்று நினைப்பவர்கள் இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

பதக்கம், புள்ளி எல்லாம் பழகப் பழகச் சலித்துவிடும். பதின்ம வயதில் சலிப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

#6 அடுப்படிக்கணக்கு

நான் உணவியல் ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுப் பிள்ளைகள்தான். நிரல்வண்டி சார், உங்கள் திட்டத்தில் எனக்குப் பயமாக இருப்பது பதக்கம் அல்ல, கலோரி.

வளரும் உடம்புக்குக் கலோரி ஒரு மோசமான அளவுகோல். பெரும்பாலான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் போதும் என்று சொல்லும் அமெரிக்கப் பரிந்துரை, 9 முதல் 18 வயதுக்கு 1300 என்கிறது. எலும்பு கட்டி முடிக்கும் வயது அது. இரும்புச்சத்து 14 முதல் 18 வயதுப் பையனுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 15. மாதவிடாயில் இழப்பதையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டுமே. இதையெல்லாம் உங்கள் செயலி பார்க்காது. "நீ இன்று அதிகம் சாப்பிட்டுவிட்டாய்" என்று மட்டும் சொல்லும். மூன்று மாதத்தில் மளமளவென்று வளரும் பையனிடம் இதைச் சொன்னால் எப்படி?

அப்புறம் அந்தப் படம். படத்தில் எண்ணெய் தெரியாது, கரைந்த சர்க்கரை தெரியாது, கிண்ணத்தின் ஆழம் தெரியாது. ஒரே கிண்ணத்தை மேலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு விடை வந்தால் எது சரி என்று பிள்ளை யாரிடம் கேட்கும்?

#7 முன்னொருகாலம்

இத்தனை பேச்சு எதற்கு? போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பசித்தால் வீட்டில் இருப்பதைத் தின்பார்கள். எங்கள் காலத்தில் ஆப்பா இருந்தது?

#8 சந்தேகப்பிராணி

எங்கள் காலத்தில் விளம்பரக்காரன் படுக்கையறை வரை வரவில்லை ஐயா. இந்த இழையை எதில் படிக்கிறீர்கள்?

#9 சன்னலோரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மகளுக்கு அப்போது 14 வயது. உடற்பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கலோரிச் செயலியை இறக்கிக்கொண்டாள். பெயர் வேண்டாம்; நிரல்வண்டி சார் எழுதியிருக்கிறாரே, ஏறக்குறைய அதேதான். தொடர் நாள், பதக்கம், எல்லாம் இருந்தது. முதல் மாதம் நான் பெருமைப்பட்டேன். உறவுக்காரர்களிடம் சொல்லிக்காட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக, எண் தெரியாத எதையும் அவள் சாப்பிட மாட்டாள் என்று ஆயிற்று. நான் சமைத்தால் அளவு கேட்பாள். சொல்லத் தெரியாவிட்டால் தட்டு அப்படியே இருக்கும். தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். எண் சிவப்பாகிவிட்டால் இரவில் அழுகை. வீட்டில் நாங்கள் மூன்று பேர், அந்தச் சிவப்பு எண் நான்காவது ஆள் மாதிரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

மருத்துவர், ஆலோசகர் என்று ஒன்றரை வருடம் ஓடியது. இப்போது நன்றாக இருக்கிறாள். செயலி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு கவலைகளும் இருந்தன. ஆனால் ஒரு நாள் அவளே சொன்னாள்: "பசிக்குதா இல்லையான்னு அதைத்தான் கேட்டுட்டிருந்தேன்மா. வயித்தைக் கேக்கவே இல்ல."

#10 அடுப்படிக்கணக்கு

சன்னலோரம் அக்கா, எழுதியதற்கு நன்றி. இது அபூர்வமான கதை இல்லை என்பதுதான் வருத்தம். 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவுக்கோளாறு (சாப்பாடு, எடை பற்றிய தவிப்பில் உண்பதே சிக்கலாகிவிடும் மனநோய்) உறுதிசெய்யப்பட்ட 105 பேரிடம் புகழ்பெற்ற ஒரு கலோரிச் செயலியைப் பற்றிக் கேட்டார்கள். நால்வரில் மூவர் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் கோளாறில் அதற்கும் ஒரு பங்கு இருந்ததாகச் சொன்னார்கள். செயலிதான் நோயைக் கொண்டுவந்தது என்று இது நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே தவிப்பவர்கள் அதைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் ஒரு வகுப்பு முழுவதற்கும் இதைக் கொடுத்தால், அந்த வகுப்பில் யார் தவிப்பவர் என்று கொடுக்கிறவருக்குத் தெரியாதே.

பிள்ளைகளுக்கென்றே செய்த செயலிக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். எடைக் குறைப்புக்குப் பெயர்போன வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2019-ல் 8 முதல் 17 வயதினருக்கு கர்போ என்ற செயலியை வெளியிட்டது. உணவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை. வெளியான உடனே எதிர்ப்பு. 2022-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வேறொரு காரணத்துக்காகப் பிடித்தது: 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் சேர்த்துவிட்டார்கள் என்று. 15 லட்சம் டாலர் அபராதம். அந்தத் தகவலை வைத்து உருவாக்கிய கணிப்பு நிரல்களையும் அழிக்கச் சொன்னார்கள். தட்டைப் படம் எடுத்துச் சேமிக்கப்போகிற நிரல்வண்டி சார் இதைக் கவனிக்க வேண்டும்.

#11 நிரல்வண்டி

சன்னலோரம் மேடம் எழுதியதைப் படித்துவிட்டு, கலோரி காட்டும் பகுதியை நேற்றிரவே அழித்துவிட்டேன். மூன்று வாரத்து வேலை. பரவாயில்லை.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022-ல் 5 முதல் 19 வயதினரில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையோடு இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் போனை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறான் பாருங்கள். லிவர்பூலில் 2019-ல் வெளியான ஒரு சோதனை: 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 176 பேர். ஒரு குழுவுக்குப் பிரபல வீடியோக்காரர்கள் நொறுக்குத்தீனியோடு இருக்கும் படங்கள், இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் ஆரோக்கியமான உணவோடு இருக்கும் படங்கள், மூன்றாவது குழுவுக்குச் சாப்பாடே இல்லாத படங்கள். நொறுக்குத்தீனிப் படம் பார்த்தவர்கள், சாப்பாடே இல்லாத படம் பார்த்தவர்களைவிட 26 சதவீதம் அதிகக் கலோரி சாப்பிட்டார்கள்.

ஆரோக்கியமான உணவைப் பார்த்தவர்கள் அதை அதிகமாகச் சாப்பிட்டார்களா? இல்லை. இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. அவன் ஆயுதம் நம் கையில் வந்தால் வேலை செய்ய மாட்டேன் என்கிறதே!

#12 சுண்ணக்கட்டி

ஆசிரியராக ஒரு யோசனை. காய்கறிகளுக்குக் கவர்ச்சியான பெயர் வைத்து, படம் ஒட்டி, கண்ணில் படும் இடத்தில் வைத்தால் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்று அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆப்பிளில் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டியே சாதித்தார்களாம். பள்ளி உணவகத்தின் மெனுத் திரையில் அதையே செய்யலாமே?

#13 சந்தேகப்பிராணி

சார், அந்த ஸ்டிக்கர் ஆப்பிள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதை எழுதிய, அப்போது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பிரையன் வான்சிங்கின் 6 கட்டுரைகளை ஜாமா குழும இதழ்கள் 2018-ல் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. கட்டுரை போனாலும் கதை போகவில்லை, இன்னும் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது.

ஆனால் பெயர் வைப்பதில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் வேறொரு குழு பல்கலைக்கழக உணவகத்தில் சோதித்தது. ஒரே காய்கறி, ஒரே சமையல், அட்டையில் எழுதும் பெயர் மட்டும் நாளுக்கு நாள் வேறு. வாயில் எச்சில் ஊறும்படி ருசியை வர்ணித்த நாள்களில், வெறும் பெயர் எழுதிய நாள்களைவிட 25 சதவீதம் அதிகம் பேர் எடுத்தார்கள். "ஆரோக்கியமானது" என்று எழுதிய நாள்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. கல்லூரி வயது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என்றாலும் திரையில் "சத்து", "நலம்" என்ற சொற்களைத் தேடித் தேடி அழிக்க இது போதும்.

#14 சுண்ணக்கட்டி

அடடா. ஸ்டிக்கர் கதையை இரண்டு கூட்டத்தில் சொல்லிவிட்டேனே! திருத்திக்கொள்கிறேன்.

#15 பதினாறேகால்

நான் எழுதலாமா? இங்கே நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் "பிள்ளைகள்" பட்டியலில் நானும் உண்டு. 16 வயது.

நிரல்வண்டி அங்கிள், உங்கள் ஆப் எங்கள் வகுப்புக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் எல்லோரும் படம் எடுப்போம். மூன்றாம் நாள் ஒருவன் இணையத்திலிருந்து சாலட் படம் எடுத்துத் தினமும் போடுவான். அவன்தான் தரவரிசையில் முதலிடம். அவனிடம் மற்றவர்கள் படம் கேட்பார்கள். கொஞ்சம் குண்டாக இருக்கும் ஒருத்தி கடைசி இடத்தில் இருப்பாள், அவளை அந்தப் பட்டியலை வைத்தே கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வந்ததும் எல்லா வீட்டிலும் சண்டை.

எங்களை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆசிரியர், அம்மா, அப்பா, கேமரா, இப்போது தட்டுக்கும் ஒரு கண். ஆரோக்கியமாகச் சாப்பிடுவது நல்லது என்று எங்களுக்குத் தெரியும். 40 வயதில் நோய் வரும் என்று பயமுறுத்தினால், 40 என்பது எங்களுக்கு வேற்றுக்கிரகம் (மன்னிக்கவும்).

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. போன வருடம் ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் எல்லாம் குறைவாகத்தான் இருந்தன. பிறகு பார்த்தால் அது 30 கிராமுக்கான கணக்கு. பாக்கெட்டில் 90 கிராம். யார் மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டு மீதியை மடித்து வைப்பார்கள்? என்னை முட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள் என்று கோபம் வந்தது. அன்றைக்கு வகுப்பில் எல்லோரிடமும் காட்டினேன். அறிவுரை வகுப்பில் தூங்கியவன்கூட எழுந்து வந்து பார்த்தான்.

#16 அடுப்படிக்கணக்கு

பதினாறேகால், உன் கோபத்துக்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது கண்ணா.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் என்ற இரண்டு ஆய்வாளர்களின் குழு 2016-ல் வெளியிட்டது இது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் 500-க்கும் மேல். சிலருக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். சிலருக்கு வேறொரு கட்டுரை: உணவு நிறுவனங்கள் எப்படி அடிமையாக்கும்படி தின்பண்டத்தை வடிவமைக்கின்றன, அதை எப்படிச் சத்தானதாக வேடமிட்டு விற்கின்றன, சின்னப் பிள்ளைகளையும் ஏழைகளையும் எப்படிக் குறிவைக்கின்றன என்று. "இதை எதிர்ப்பதும் ஒரு கலகம்தான்" என்கிற தொனி. மறுநாள், இதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல் வகுப்பில் ஒரு விருந்து. இரண்டாவது கட்டுரையைப் படித்தவர்கள் சர்க்கரை குறைவான பண்டங்களை அதிகம் எடுத்தார்கள்.

2019-ல் அடுத்த கட்டம். ஐபேடில் உணவு விளம்பரங்களைக் கொடுத்து, "பொய்யை உண்மையாக்கு" என்று அதன் மேலேயே கிறுக்கவும் எழுதவும் சொன்னார்கள். பிறகு பள்ளி உணவகத்தில் 3 மாதம் என்ன வாங்கினார்கள் என்று பார்த்தார்கள். பையன்கள் குப்பை உணவு வாங்குவது, வழக்கமான பாடம் படித்த பையன்களோடு ஒப்பிட்டால் 31 சதவீதம் குறைந்திருந்தது. பெண் பிள்ளைகளிடம் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆகையால் மந்திரக்கோல் என்று தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

எடை என்ற சொல் அதில் எங்குமே தேவைப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

#17 நிரல்வண்டி

சரி. கேமராவைத் திருப்பிவிடுகிறேன். இனி அது பிள்ளையின் தட்டைப் பார்க்காது, பாக்கெட்டின் முதுகைப் பார்க்கும்.

பார்கோடை ஸ்கேன் செய்தால் விவரம் தர ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற உணவுத் தரவுத்தளம் இருக்கிறது. 2012-ல் பிரான்சில் தொடங்கியது, தன்னார்வலர்கள் சேர்க்கும் திறந்த தரவு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் மேல் நான் மூன்று கணக்கு மட்டும் செய்யப்போகிறேன். ஒன்று, பதினாறேகால் சொன்ன வித்தை: ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருப்பதை முழுப் பாக்கெட்டுக்குப் பெருக்கிச் சொல்வது. இரண்டு, சர்க்கரையைக் கரண்டியாக மாற்றுவது. ஒரு தேக்கரண்டி 4 கிராம். 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் 330 மில்லி குடித்தால் 35 கிராம், கிட்டத்தட்ட 9 கரண்டி. சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வருவது மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை 2000 கலோரி உணவுக்குக் கணக்கிட்டால் நாள் முழுவதற்கும் 50 கிராம், அதாவது பன்னிரண்டரைக் கரண்டி. கடைசியாகச் சொல்லப்போவது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரையை, வெறும் சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று நாலாகப் பிரித்துப் போட்டால் நாலும் கீழே இறங்கிவிடும், முழுத் தானியம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே நிறத்தில் காட்டப்போகிறேன்.

கணக்கு உருவாக்கத் தேவையில்லை. பெயர், வயது, எடை, எதுவும் கேட்காது. பெற்றோர் அறிக்கை கிடையாது.

#18 சந்தேகப்பிராணி

முதல் முறையாகப் பாராட்டுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எச்சரிக்கை.

மதிப்பெண் போடாதீர்கள். பிரான்சில் 2017-ல் வந்த நியூட்ரி-ஸ்கோர் என்ற முத்திரை, உணவுப் பாக்கெட்டுக்கு ஏ முதல் இ வரை எழுத்து போடுகிறது. பாக்கெட்டை ஸ்கேன் செய்யும் யூகா செயலி நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது: 60 சத்துக்கு, 30 நிறமூட்டி, பதப்படுத்தி போன்ற சேர்பொருள்களுக்கு, 10 இயற்கை வேளாண்மைக்கு. அந்தக் கடைசி 10 எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரியவர்கள் இதில் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பதின்ம வயதில் மதிப்பெண் பாக்கெட்டிலிருந்து சாப்பிடுகிறவர் மேல் தாவிவிடும். சன்னலோரம் அம்மாவின் வீட்டுச் சிவப்பு எண்ணை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, கேள்விக்குப் பதில் சொல்லும் உரையாடல் நிரலைச் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறுகள் சங்கம் 2023-ல் டெஸ்ஸா என்ற நிரலை நிறுத்த வேண்டிவந்தது. உணவுக்கோளாறுக்கு உதவி கேட்டு வந்தவர்களிடமே அது எடை குறைக்க யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. சங்கத்துக்கே அந்தக் கதி என்றால் நம் நிரல்வண்டி எம்மாத்திரம்?

#19 நிரல்வண்டி

ஆசை வந்திருந்தது. இப்போது இல்லை.

#20 நிரல்வண்டி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். செயலியை ஒரே ஒரு வகுப்புக்குக் கொடுத்தோம். பிள்ளைகளின் சாப்பாடு மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். நான் அளக்கவில்லை, அளக்கப்போவதும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் பள்ளிப் பைக்குள் இருந்ததை எல்லாம் ஸ்கேன் செய்து முடித்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் வீட்டு அலமாரி. அப்புறம்தான் வினை. பெற்றோர் வாங்கி வைத்திருந்த பொருள்களில் கை வைத்தார்கள். குழுவில் ஒருவர் "என் காபியோடு தின்னும் பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்ன முடியவில்லை" என்று புகார் செய்தார். ஞாயிறு அறிக்கை எங்கே என்று இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

தினமும் காலையில் பெருமையாக நான் சாப்பிடும் தானியக் கலவையை மகன் ஸ்கேன் செய்தான். ஒரே நிறத்தில் ஐந்து பெயர் ஒளிர்ந்தது. "அப்பா, இது பிஸ்கட்டேதான். உடைச்சு டப்பாவுல போட்டிருக்கான்" என்றான். "ம்" என்றேன்.

#21 சன்னலோரம்

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். செயலி வேண்டாம் என்றாள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விளம்பரத்தில் கிறுக்கும் பகுதி வந்தால் படம் வரைந்து தருகிறாளாம். அடுப்படிக்கணக்கு மேடம், அவளுக்கு அது சரிப்படுமா?

#22 அடுப்படிக்கணக்கு

அவளுடைய ஆலோசகரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அக்கா. அவர் சரி என்றால், உடம்பையோ உருவத்தையோ காட்டும் விளம்பரங்களை விட்டுவிட்டு, பாக்கெட் படங்களை மட்டும் கொடுக்கலாம்.

#23 பதினாறேகால்

அங்கிள், ஒரு பழச்சுவைத் தயிர் தரவில் இல்லை. படம் எடுத்துச் சேர்த்துவிட்டேன். பொருள் பட்டியலில் கடைசி இரண்டு வரி மூடியின் மடிப்புக்குள் போய்விட்டது, படிக்கவே முடியவில்லை. யாராவது வேறு டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள்.